இருபத்தேழு நாற்பத்தாறு

தோளில் கேமராப் பையோடு ஒருவர் தொரப்பள்ளியில் வந்து இறங்கினால், ராஜாஜி பிறந்த வீட்டைப் படம் எடுக்க வந்தவர் என்றுதான் ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். வழி கேட்பதற்குள் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். 1878 டிசம்பர் 10ஆம் தேதி அவர் பிறந்த வீடு இன்று அரசு பராமரிக்கும் நினைவு இல்லம். பக்கத்திலேயே தென்பெண்ணை ஆறு, வயல்கள், கொஞ்சம் தள்ளிப் பாலித்தீன் போர்த்திய ரோஜாக் குடில்கள். ஓசூரின் ஆலைச் சங்குகள் இவ்வளவு கிட்டத்தில் ஒலிக்கின்றன என்பதை மறக்கவைக்கிற ஊர்.

கேமராப் பைக்காரர்களில் சிலர் நினைவு இல்லத்தைத் தாண்டிப் போகிறார்கள். அவர்கள் தேடிப் போவது ஓசூர் பாதையில் தகரக் கூரை போட்ட ஒரு லேத் பட்டறையை. பலகையில் 'ஜாப் ஒர்க்' என்பதற்கு மேல் விவரம் கிடையாது. உள்ளே வயதான ஹெச்எம்டி லேத் ஒன்று, சிஎன்சி ஒன்று, ஒரு மில்லிங் மெஷின், வாசலை அடைத்தபடி அனுப்பக் காத்திருக்கும் இரும்பு பிராக்கெட் பெட்டிகள். பகல் முழுக்க டூவீலர் உதிரிபாகங்கள். சாயங்காலம் லோடு ஏறிய பிறகு, சோவியத் காலத்து லென்ஸை இன்றைய ஜப்பான் கேமராவில் மாட்டும் வேலை.

சொல்லப்போனால் அதற்கு வேண்டியது ஒரு வெற்று வளையம். அதற்குள் கண்ணாடி கிடையாது, மின்சுற்று கிடையாது. ஒரு பக்கம் பழைய லென்ஸின் மரை ஏறும். மறுபக்கம் புதிய கேமராவின் வாயில் பூட்டிக்கொள்ளும். கடையில் அடாப்டர், பட்டறையில் ரிங். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது. மைக்ரோமீட்டர் வைத்தால் சொல்லிவிடலாம்.

நான் போயிருந்த அன்று கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்யாணப் போட்டோகிராஃபர் ஒருவர் வந்திருந்தார், முப்பது வயதுக்குள் இருக்கும். அப்பா நடத்திய ஸ்டுடியோ மூடியபோது பீரோவில் மிஞ்சியவற்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்: ஜெனிட் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 44-2, ஒரு சூப்பர் டாக்குமார், பெயர் தேய்ந்துபோன ஒரு 28 மி.மீ. ஜப்பான் லென்ஸ். கேமரா சோனி ஏ7 III.

"கிட்டக்க எடுத்தா பளிச்சுனு இருக்குண்ணா. மலை, கோபுரம்னு தூரமா வெச்சா மட்டும் சொதசொதன்னு வருது. அதுவும் இந்த இருபத்தெட்டுலதான். லென்ஸ் போயிடுச்சா?"

பட்டறைக்காரர் லென்ஸைத் தொடவே இல்லை. ரிங்கை மட்டும் கழற்றித் துணியில் துடைத்து, அளவு பார்க்கும் மேஜைப் பக்கம் தள்ளினார். அங்கே உட்கார்ந்திருந்தவரைப் பட்டறையில் எல்லோரும் அக்கா என்கிறார்கள். கடிகார பாகங்கள் செய்யும் இடத்தில் பல வருடம் இருந்தவர். 25-50 மைக்ரோமீட்டரை எடுத்து, வளையத்தைச் சுற்றி நாலு இடத்தில் அளந்தார்.

"இருபத்தேழு ஐம்பத்தாறு."

இருக்க வேண்டியது இருபத்தேழு நாற்பத்தாறு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடுதல். "லென்ஸ் நல்லாத்தான் தம்பி இருக்கு. ரிங்தான் தடிச்சிருக்கு."

இந்த 27.46 என்ற எண் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை புரிந்துவிடும். லென்ஸின் பின்புற உலோக முகத்திலிருந்து ஃபிலிம் இருக்கும் இடம் வரைக்குமான தூரத்தை ஒவ்வொரு கேமரா நிறுவனமும் தனக்கென ஒன்றாக வைத்திருந்தது. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஏறி இறங்க வேண்டும். அதற்கு இடம் விட்டே ஆக வேண்டும். ஆகவே எல்லோருடைய தூரமும் 40 மில்லிமீட்டருக்கு மேல். 1959இல் வந்த நிக்கான் எஃப் மவுன்ட்டுக்கு 46.5. 1971இன் கேனன் எஃப்டிக்கு 42. ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, மினோல்டாவுக்கு 43.5. கிழக்கு ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் ஜப்பானின் பென்டாக்ஸும் பொதுவாகப் பயன்படுத்திய எம்42 என்ற மரை மவுன்ட்டுக்கு 45.46.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. ஆகவே தூரம் சட்டென்று சுருங்கியது. சோனி இ மவுன்ட்டில் 18 மி.மீ., கேனன் ஆர்எஃப்பில் 20, நிக்கான் இசட்டில் 16. பழைய லென்ஸுக்கு வேண்டிய 45.46இல் கேமராவே 18ஐக் கொடுத்துவிடுகிறது. மிச்சத்தை ரிங் கொடுக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் 27.46. அந்த இடைவெளியில் உலோகம் நிற்கிறது, அவ்வளவுதான் தத்துவம்.

இந்தக் கழித்தலில் மிச்சம் வந்தால்தான் வேலை நடக்கும். டிஎஸ்எல்ஆர் காலத்தில் கேனன்காரர்களுக்கு மிச்சம் இருந்தது: அவர்களுடைய ஈஎஃப் மவுன்ட் 44 மி.மீ., எம்42 லென்ஸுக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு தகடு போதும். நிக்கானில் 46.5. அதாவது கேமராவே ஒரு மில்லிமீட்டர் அதிகம். நடுவில் ஒரு திருத்தும் கண்ணாடி போட்டாலொழியத் தூரத்துக் காட்சி கிடைக்காது. போட்டால் படத்தின் தரம் போகும். அதனால் ஜெனிட் லென்ஸ் வைத்திருந்த நிக்கான்காரர்கள் பூ, பூச்சி என்று கிட்டத்துப் படங்களோடு காலம் தள்ளினார்கள். 2010இல் சோனி இ மவுன்ட் வந்து, 2013இல் அதிலேயே முழு ஃபிலிம் அளவு சென்சாரோடு ஏ7 வந்தபோது, உலகத்தின் பீரோக்களில் கிடந்த லென்ஸுகளுக்கெல்லாம் ஒரே நாளில் வீடு கிடைத்தது என்று சொன்னால் அதிகப்படியாகாது.

சரி, 0.1 மி.மீ. கூடினால் என்ன ஆகும்? கணக்கு எளிது. லென்ஸின் குவியத் தூரத்தை அதாலேயே பெருக்கி, அதிகப்படியான தடிமனால் வகுத்தால், அந்த லென்ஸ் தெளிவாகக் காட்டக்கூடிய அதிகபட்சத் தூரம் கிடைக்கும். 135 மி.மீ. லென்ஸ் என்றால் ஏறக்குறைய 182 மீட்டர். 50 என்றால் 25 மீட்டர். 28 என்றால் எட்டு மீட்டர்கூட இல்லை. லென்ஸை முடிவிலிக் குறிவரை திருப்பினாலும் எட்டு மீட்டருக்கு அப்பால் கூர்மை போகாது. போட்டோகிராஃபர் தம்பி சொன்னதும் அதுதான். ஹீலியோஸில் அவ்வளவாகத் தெரியாத குறை, இருபத்தெட்டில் முகத்தில் அடித்தது. அகல லென்ஸுக்கு எல்லாம் ஆழத் தெளிவில் ஓடிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ரிங் விஷயத்தில் அகல லென்ஸ்தான் கறார்.

அப்பா காலத்தில் இதே பிழை இருந்திருந்தால் யாரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு ஃபிலிமில் 0.03 மி.மீ. அகல மங்கலைக் கண் மன்னிக்கும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. மேக்ஸி சைஸ் பிரிண்டில் அது தெரியாது. எஃப்/2.8இல் இந்த ரிங் உண்டாக்கும் மங்கல் 0.036 மி.மீ. கிட்டத்தட்ட அந்த எல்லையில்தான் நிற்கிறது. ஆனால் இன்றைய 24 மெகாபிக்சல் சென்சாரின் ஒரு பிக்சல் 0.006 மி.மீ.தான். ஆறு பிக்சலுக்குப் பரவுகிற மங்கலைக் கம்ப்யூட்டர் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறார் பிள்ளை. லென்ஸ் மாறவில்லை, பார்க்கும் பழக்கம் மாறிவிட்டது.

உண்மையில் இப்படித் தடித்து வருவது அபூர்வம். மலிவு ரிங்குகள் பெரும்பாலும் குட்டையாகத்தான் வரும். தயாரிப்பவர்களுக்குக் காரணம் உண்டு. குட்டையாக இருந்தால் லென்ஸ் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். வாங்கியவர் கொஞ்சம் பின்னால் திருப்பிக் கூர்மையைப் பிடித்துக்கொள்வார், திருப்பி அனுப்ப மாட்டார். இழப்பு என்னவென்றால், லென்ஸில் பொறித்த தூர அளவுகள் பொய் சொல்லும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் உள்ளே கண்ணாடிகளைத் தனித்தனியாக நகர்த்தும் அமைப்புள்ள அகல லென்ஸுகளில் ஓரங்கள் கெடும். மற்றவற்றில் பாதகமில்லை.

ஓசூரில் இந்த அளவெல்லாம் யாரையும் மிரட்டுவதில்லை. சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் வந்தது. 1980இல் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் ஆலையும். 80களின் நடுவிலிருந்து டைட்டன். 1.15 மி.மீ. தடிமனுள்ள இயந்திரத்தை வைத்து, மொத்தம் 3.5 மி.மீ. தடிமனில் டைட்டன் எட்ஜ் கைக்கடிகாரம் 2002இல் வந்தது. அந்த நிறுவனத்தின் தாய் ஆலை இங்கேதான் இருக்கிறது. இந்த ஆலைகளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்த பையன்கள் ஐடிஐ முடித்து நேராக மைக்ரானுக்குள் நுழைந்தார்கள். பத்து மைக்ரான் என்று சொன்னால் இங்கே டீக்கடையில்கூடப் புரியும்.

பட்டறைக்காரர் லேத்தை ஓட்டும் முன் செய்த வேலைகள்தான் அதிக நேரம் எடுத்தன. கடினமான சக் தாடையில் மெல்லிய அலுமினிய வளையத்தைப் பிடித்தால் அது அமுங்கி முக்கோணமாகிவிடும். பிடித்த நிலையில் வட்டமாகக் கடைந்தாலும் விட்டதும் கோணிக்கொள்ளும். அதனால் சாஃப்ட் ஜா என்ற மென்தாடை போட்டு, அதையே வளையத்தின் விட்டத்துக்கு போரிங் செய்து, அதில் உட்காரவைத்தார். டயல் கேஜை முகத்தில் தொடவைத்துக் கையால் சக்கைச் சுற்றினார். முள் அசைந்தது. மறுபடி தட்டினார். முள் கிட்டத்தட்ட நின்றது.

"தடிமன் மட்டும் சரியா இருந்தாப் பத்தாது. ஒரு பக்கம் அஞ்சு சென்ட் தூக்கியிருந்தா படத்துல இடது பக்கம் ஷார்ப்பு, வலது பக்கம் காலி. அப்புறம் லென்ஸைக் குறை சொல்லுவாங்க." சென்ட் என்பது இங்கே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

எவ்வளவு எடுப்பது என்பதில் சின்ன விவாதம் நடந்தது. நேராக 27.46க்கு இறக்கினால் போதும் என்றார் போட்டோகிராஃபர். பட்டறைக்காரர் 27.44 என்றார். அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு 23 மைக்ரான் நீளும். இந்த வளையத்துக்கு இருபது டிகிரி ஏறினால் பன்னிரண்டு, பதின்மூன்று மைக்ரான். ஏப்ரல் வெயிலில் மண்டபத்து வாசலில் நிற்கும் கேமராவுக்கு இருபது டிகிரி ஒரு பொருட்டல்ல. லென்ஸின் சொந்த உடலும் நீளும், கேமராவும் நீளும், எது எந்தப் பக்கம் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. இரண்டு சென்ட் குட்டையாக வைத்துவிட்டால் எந்த நிலையிலும் தூரம் கிடைக்கும். அக்கா தலையசைத்தார். 27.44 என்று முடிவானது.

டூல் முகத்தைத் தொட்டதும் மெல்லிய வெள்ளிச் சுருள் எழுந்தது. இரண்டு பாஸ். உடனே அளக்கவில்லை, கடைந்த சூடு ஆறட்டும் என்று விட்டார்கள். அளவுகளெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் பார்க்க வேண்டும் என்பது உலகப் பொது விதி. ஓசூர் மேட்டு நிலத்தின் மார்கழி அதற்கு வசதி, சித்திரை அவ்வளவு வசதியில்லை.

புதிதாக ரிங் செய்யும் வேலையும் வருகிறது, அதில் வேறு தொல்லைகள். முதல் தொல்லை மரை. எம்42 என்றால் 42 மி.மீ. விட்டம், ஒரு மில்லிமீட்டர் பிட்ச், அதாவது மரைக்கு மரை உள்ள இடைவெளி. ஆனால் தொலைநோக்கிகளிலும் டி2 என்று விற்ற டெலி லென்ஸுகளிலும் இருப்பது அதே 42 விட்டத்தில் முக்கால் மில்லிமீட்டர் பிட்ச். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். ஒரு சுற்று ஏறி இறுகும். விவரம் தெரியாதவர் பலமாகத் திருகினால் இரண்டு மரையும் போச்சு. லைக்காவின் பழைய 39 மி.மீ. மரை இன்னும் விஷமம்: விட்டம் மில்லிமீட்டரில், பிட்ச் அங்குலத்துக்கு 26 என்ற பிரிட்டிஷ் கணக்கில். மில்லிமீட்டர் லேத்தில் அங்குல மரை வெட்ட கியர் மாற்ற வேண்டும். அதற்கான 127 பல் சக்கரத்தைப் பட்டறைக்காரர் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார், பொக்கிஷம் மாதிரி.

இரண்டாவது, மரை எங்கே ஆரம்பிக்கிறது என்பது. லென்ஸை முழுக்கத் திருகி முடித்ததும் அதன் நடுக்குறி கேமராவின் உச்சியில் வந்து நிற்க வேண்டும். மரையின் தொடக்கப் புள்ளி பத்து டிகிரி தள்ளினால் குறி தோளில் போய் நிற்கும். படம் கெடாது, ஆனால் எரிச்சல். இதற்கு நல்ல ரிங்குகளில் மரையுள்ள உள்வளையத்தைத் தனியாகச் செய்து, மூன்று பொடி ஸ்குரூவால் பிடித்திருப்பார்கள். தளர்த்தி, திருப்பி, இறுக்கிக்கொள்ளலாம். மூன்றாவது, சில எம்42 லென்ஸுகளின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி. அதை அமுக்கினால்தான் அப்பெர்ச்சர் மூடும். அமுக்க ரிங்குக்குள் ஒரு படி வேண்டும். ஹீலியோஸ் 44-2இல் அந்தக் குச்சியே கிடையாது, டாக்குமாரில் கையால் மாற்றும் சுவிட்ச் உண்டு. மற்ற பலவற்றில் படி இல்லாவிட்டால் எஃப்/16 என்று திருப்பினாலும் லென்ஸ் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

கேமரா பக்கத்துப் பூட்டு நகங்களை இங்கே செய்வதில்லை. ஒற்றை ரிங்குக்காக அதை மில்லிங் செய்வது கட்டுப்படியாகாது. மலிவு ரிங் ஒன்றை வாங்கி அதன் நகத் தகட்டைக் கழற்றிப் புதிய உடம்பில் பொருத்துகிறார்கள். புத்திசாலித்தனம் என்றுதான் எனக்குப் பட்டது.

கடைசி வேலை பிசிறு எடுப்பது. அக்காவின் பிடிவாதம் இங்கேதான். மரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மயிரிழை அலுமினியத் துணுக்கு லென்ஸ் மாட்டும்போது உதிர்ந்தால் நேராகச் சென்சார்மேல் விழும். கண்ணில் மாட்டிப் பார்க்கும் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு மரையாகத் தடவினார். கம்ப்ரஸர் காற்றை ரிங்கின்மேல் அடிக்கலாம். லென்ஸையோ கேமராவையோ அந்தப் பக்கமே கொண்டுவர விடமாட்டார். கம்ப்ரஸர் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும். உள்சுவரில் பளபளப்பு மிஞ்சினால் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துப் படம் வெளிறும் என்பதால், கறுப்பு வெல்வெட் காகிதம் ஒட்டி முடித்தார்.

ரிங் சரியானாலும் லென்ஸ் சரியாக இருக்க வேண்டுமே. அதற்குப் போட்டோகிராஃபர் ஓசூர் டவுனில் இன்னொருவரிடம் போகிறார். நானும் கூடப் போனேன். எல்லோருக்கும் அவர் பாய். ஃபிலிம் கேமரா ரிப்பேரில் தலை நரைத்தவர். மேஜைமேல் ரப்பர் கோப்பைகள், இரண்டு முனை ஸ்பேனர், லைட்டர் பெட்ரோல் பாட்டில்.

தூரம் திருப்பும் வளையம் இறுகிப்போன லென்ஸைக் கழற்றும்போது பாய் முதலில் ஊசியால் உள்ளே ஒரு கீறல் போட்டார். உள்ளே லென்ஸை முன்பின் நகர்த்தும் ஹெலிகாய்டு சாதாரண மரையில்லை. பல தொடக்கங்கள் கொண்ட மரை. எந்த இடத்தில் பிரிகிறதோ அதே இடத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும். வேறு தொடக்கத்தில் ஏறிவிட்டாலும் லேசாகத் திரும்பும், ஆனால் முடிவிலி வேறெங்கோ போய்விடும். ரிங் 27.44 என்று துல்லியமாக இருந்தும் தூரம் கிடைக்காத பல லென்ஸுகளின் ரகசியம் இதுதான், யாரோ ஒருவர் கீறல் போடாமல் பிரித்தது. காய்ந்து மெழுகான பழைய கிரீஸைச் சுரண்டிப் புதியது தடவினார், கொஞ்சமாக. அதிகம் தடவினால் எண்ணெய் பிரிந்து அப்பெர்ச்சர் இதழ்களுக்குப் போகும்.

பூஞ்சைக்குப் பாய் சொல்லும் முதல் காரணம் தோல் உறை. "அந்தக் காலத்து லெதர் கேஸ்தான் பகை. அழகா இருக்குன்னு அதுக்குள்ளயே வெச்சுப் பூட்டிடுவாங்க. ஈரத்தை அது விடாது." பூஞ்சை கண்ணாடிமேல் படர்ந்து அமிலத்தைக் கக்கும்; பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் வடு போகாது. அப்படிப்பட்டதை வாங்காதே என்பார். சும்மா ஒட்டியிருப்பது அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் போய்விடும்.

சூப்பர் டாக்குமாரைக் கையில் எடுத்ததும் வெள்ளைத் தாளின்மேல் வைத்துக் காட்டினார். தாள் டீ சிந்தியது போல் மஞ்சள். அழுக்கு இல்லை அது. 1960களில் ஒளியை அதிகமாக வளைக்கும் கண்ணாடி வேண்டி அதில் தோரியம் ஆக்சைடு கலந்தார்கள். அதன் கதிர்வீச்சு பல பத்தாண்டுகளில் கண்ணாடியையே பழுப்பாக்கிவிடும். நம்மூருக்குத் தோரியம் அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் இருப்பதும் அதே தனிமம்தான், ஒரு காலத்தில் கேஸ் விளக்கின் மேன்டிலுக்காகக் கப்பலேறியது. லென்ஸை வைத்துப் படம் எடுப்பதில் ஆபத்தில்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்த்துப் பொடியாக்கக் கூடாது, அவ்வளவே. வைத்தியம் புற ஊதாக் கதிர். அடியில் அலுமினியத் தாள் போட்டு ஜன்னல் வெயிலில் வைத்தால் வாரக்கணக்கில் மஞ்சள் வெளுக்கும். மொட்டைமாடியில் நேர் வெயிலில் வைத்துவிட்டுப் போகாதே என்று பாய் இரண்டு தரம் சொன்னார். லென்ஸ் வெயிலைக் குவித்துப் பக்கத்தில் இருப்பதைக் கொளுத்திவிடும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? ஹீலியோஸ் 44-2ஐ எடுத்துக்கொள்வோம். மாஸ்கோ அருகே கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் பிறந்தது. வடிவம் ஜெர்மனியின் ஜெய்ஸ் பயோட்டார் 58 மி.மீ.; போருக்குப் பிறகு நஷ்ட ஈடாக ஜெய்ஸ் ஆலையின் நுட்பங்களைச் சோவியத் எடுத்துக்கொண்டதன் விளைவு. இந்தியாவோடு ரூபாயில் வணிகம் நடந்த காலத்தில் ஜெனிட் கேமராக்களோடு சேர்ந்து நம் ஸ்டுடியோக்களுக்கும் வந்தது. எஃப்/2இல் முழுக்கத் திறந்து, பின்னணியில் இலைகளை வைத்து ஓர் ஆளை எடுத்தால், இலை வெளிச்சங்கள் ஆளைச் சுற்றிச் சுழல்வது போல் வரும். படத்தின் ஓரத்துக்குப் போகும் ஒளியை லென்ஸின் சொந்த விளிம்பே வெட்டுவதால் ஓரத்து வட்டங்கள் பூனைக்கண்ணாக நசுங்குகின்றன. திருத்தப்படாத ஒளிப்பிழைகளும் சேர்ந்துகொள்கின்றன. அன்று குறையாகக் கருதப்பட்டதைத்தான் இன்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். 2024இல் வந்த 'டூன்: பார்ட் டூ'வுக்கு ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் சோவியத் லென்ஸுகளைப் பயன்படுத்தினார். அவற்றின் கண்ணாடியைப் புதிய சினிமா உறைக்குள் மாற்றிக் கொடுத்தது உக்ரைனின் அயன்கிளாஸ் என்ற பட்டறை. அங்கும் பெருவேலை உலோகத்தில்தான்.

உலோக வேலையின் உச்சம் ஒன்று உண்டென்றால் அது ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' (1975). மெழுகுவத்தி வெளிச்சத்தில் படமெடுக்க, நாசாவுக்காக ஜெய்ஸ் செய்த 50 மி.மீ. எஃப்/0.7 லென்ஸை வாங்கினார். அதன் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு நாலு மில்லிமீட்டர் கிட்டத்தில் உட்கார வேண்டும். எந்த ரிங்காலும் ஆகாத காரியம். எட் டிஜியூலியோ ஒரு மிட்செல் கேமராவின் உடலையே கடைந்து இடம் செய்தார். அதன் பிறகு அந்தக் கேமரா வேறு லென்ஸுக்கு உதவாமல் போனது.

எல்லாப் பழைய லென்ஸும் இப்படி மதிப்புள்ளது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 70களின் மலிவு ஜூம்களைத் தொடாமலிருப்பது நல்லது. லைக்கா வகை அகல லென்ஸுகள் சோனியில் ஓரம் கரைந்து வரும். சென்சாருக்கு முன்னுள்ள தடித்த கண்ணாடியைச் சாய்ந்து வரும் கதிர்கள் ஒழுங்காகக் கடப்பதில்லை. எஸ்எல்ஆர் லென்ஸுகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. மாறாக, ஸ்டீவ் மெக்கரி 1984இல் பெஷாவர் அகதி முகாமில் பச்சைக்கண் ஆப்கன் சிறுமியை எடுத்த நிக்கார் 105 மி.மீ. எஃப்/2.5 போன்றவை இன்றும் எதற்கும் சளைத்தவை அல்ல.

கல்யாணத்தில் பழைய லென்ஸை வைத்துக்கொண்டு தாலி கட்டும் நேரத்தில் நிற்க முடியாது. அதற்கு ஆட்டோஃபோகஸ்தான் என்று போட்டோகிராஃபரே ஒப்புக்கொள்கிறார். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஜோடியை நிறுத்திச் சாவகாசமாக எடுக்கும்போதுதான் ஹீலியோஸ். லென்ஸ் இல்லாமலே ஷட்டர் அடிக்கும் அனுமதியை மெனுவில் முதலில் திறக்க வேண்டும். ரிங்கில் மின்தொடர்பு இல்லாததால் கேமரா தன் வாயில் எதுவும் இல்லை என்றே நினைக்கும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்புக்கு 58 என்று கையால் எண் கொடுக்க வேண்டும். கூர்மையான ஓரங்களில் நிறம் காட்டும் பீக்கிங்கை எஃப்/2இல் நம்பக் கூடாது. கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும்.

பட்டறைக்கு இதில் லாபம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பீஸ் ஜாப் என்றாலே நஷ்டம் என்பது தொழிலின் அரிச்சுவடி: செட்டிங்குக்கு ஒரு மணி நேரம், கடைவதற்கு இரண்டு நிமிடம். அதே செட்டிங்கில் ஐந்நூறு பிராக்கெட் ஓட்டலாம். போட்டோகிராஃபர்களிடம் செட்டிங்குக் கூலி கேட்டால், இணையத்தில் புது ரிங்கே இதைவிட மலிவு என்கிறார்கள். ஆனாலும் பட்டறைக்காரர் விடுவதாயில்லை. பிராக்கெட்டில் 0.1 தவறினால் இன்ஸ்பெக்ஷனில் ஒரு சீட்டு வரும், அந்தப் பாகம் வண்டியில் எங்கே போனது என்றே தெரியாது. இங்கே எடுத்த வேலையை அரை மணியில் திரையில் பார்க்கலாம். அன்றும் பார்த்தார்கள். தூரத்து செல்போன் டவரின் குறுக்குக் கம்பிகள் இருபத்தெட்டில் தனித்தனியாகத் தெரிந்தன. நிலா எழுந்ததும் அதையும் வைத்துப் பார்த்தார்கள், முடிவிலிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அக்கா திரையைப் பெரிதாக்கச் சொல்லி நிலாவின் ஓரத்தை விடாமல் ஆராய்ந்தார்.

கிளம்பும் நேரத்தில் பெங்களூரிலிருந்து இன்னொருவர் வந்தார். அவர் கையில் 16 மி.மீ. சினிமா கேமராவின் பொடி லென்ஸ், சி மவுன்ட். சோனியில் மாட்ட வேண்டுமாம். பட்டறைக்காரர் சாக்பீஸால் மேஜையில் கழித்துப் பார்த்தார். சி மவுன்ட்டுக்கு 17.526. கேமரா 18. விடை மைனஸ் 0.474.

"ரிங்கு தடிமன் மைனஸ்ல வருதே சார்."

அக்கா லென்ஸின் பின்பக்கத்தை வெர்னியரில் அளந்தார். மரை விட்டம் ஓர் அங்குலம். சோனியின் வாய் 46 மி.மீ.க்கு மேல். அப்படியென்றால் ரிங்கைத் தட்டையாகச் செய்யாமல் கிண்ணமாகக் குழித்து, லென்ஸைக் கேமராவின் வாய்க்கு உள்ளேயே அரை மில்லிமீட்டர் இறக்கி உட்காரவைக்கலாம். லென்ஸின் வெளி உடம்பு பூட்டில் இடிக்காமல் இருக்க வேண்டும், படமும் சென்சாரின் நடுவில் சின்ன வட்டமாகத்தான் விழும். வந்தவருக்கு அது தெரிந்தே இருந்தது. நடுப்பகுதியை வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றார். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டார். பட்டறைக்காரர் வாசலில் அடுக்கியிருந்த பிராக்கெட் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை லோடு போகட்டும், அதற்கு மேல் போன் பண்ணுங்கள் என்றார்.